சட்டியில் எழுதிய முகம்

ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிற நம் கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரும் படித்தால் படிக்கட்டும். போன வாரம் நம்மில் ஒருத்தி தன் பேத்தியின் படத்தைப் போனில் காட்டினாளே, சேலத்தில் ஏதோ கண்காட்சியில் மேசை போட்டு, தான் வரைந்த படங்களைத் தானே விற்றாளாம் அந்தப் பெண். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். ஒருத்தி முதன்முதலில் விற்றது மோர். இன்னொருத்தி கனகாம்பரம். "நீ என்னடி வித்தே?" என்று என்னைக் கேட்டபோது, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்துகொண்டேன். அறுபதைத் தாண்டிய பிறகு குனிவது லேசான காரியமா? இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை குனிய முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் விற்றது முகம். சட்டியில் எழுதிய முகம்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், பஸ் நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் போய்விடும் என்கிற மாதிரி ஊர். என் மாமன், அம்மாவின் தம்பி, திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்ட் வேலை பார்த்தார். போர் போடுகிற ரிக்கு லாரிகளுக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்தது போக, டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மிச்சத்தை எனக்குக் கொண்டுவந்து தருவார். முடி கொட்டிப்போன பிரஷ் ஒன்றும் தந்தார். அந்தப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குச் சோறு வேண்டாம். சுவரில் எழுதினால் அடி விழும். மாட்டுக் கொம்பில் எழுதலாம், ஆனால் மாடு நிற்க வேண்டுமே.

அப்போதுதான் காட்டில் நிற்கிற சட்டிமேல் என் கண் போயிற்று. உங்களுக்குத் தெரியாததா? வெள்ளாமை நன்றாக வந்த காட்டில் ஒரு குச்சியை நட்டு, கரிபிடித்த பழைய சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்புப் புள்ளி வைத்து விடுவார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள் அல்லவா, அதற்கு. வெறும் புள்ளிக்கே திருஷ்டி போகும் என்றால், கண்ணும் மீசையும் வைத்து ஒரு முழு முகமே எழுதினால் எப்படி ஓடும் என்று எனக்குத் தோன்றியது. அஞ்சாவது படிக்கிறவளின் புத்தி அது.

சந்தையில் சட்டிபானை விற்கிற ஒரு அம்மா, என் அம்மா கொடுத்த புளிக்குப் பதிலாக, சூளையில் வெடித்துப்போன சட்டிகளைத் தந்தார். அடுப்புக்கு ஆகாது, திருஷ்டிக்கு ஆகும்.

பயமுறுத்துகிற முகமாக இருக்க வேண்டும். எங்கே போய்ப் பார்ப்பது? கோயில் பூதத்தை நான் கண்டு பயந்ததில்லை, அதன் மடியில் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் இருந்தது. என் அப்பா.

வெளியில் அவர் வாய்பேசாத மனுசன். டீக்கடையில் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார். குழந்தைகளைக்கூட "வாங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் புலி, வெளியில் எலி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் புலி பசிக்குத்தான் அடிக்கும். இவர் ரசத்தில் உப்புக் குறைந்தால் அடிப்பார், அம்மா பதில் சொன்னால் அடிப்பார், சொல்லாவிட்டால் அதற்கும் அடிப்பார். அடிக்கும்முன் கதவைச் சாத்துவார். சத்தமே போடமாட்டார். இடது புருவம் மேலே ஏறும். நாக்கை மடித்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொள்வார், மடித்த பக்கம் வாய்க்கு வெளியே சிவப்பாகத் தெரியும். மறுநாள் யாராவது கேட்டால், மாட்டுக் கொட்டகையில் வழுக்கிவிட்டது என்பாள் அம்மா. எங்கள் மாட்டுக் கொட்டகையில் அம்மா ஒருத்திதான் வழுக்கி விழுவாள்.

அந்த முகத்தைத்தான் எழுதினேன். கறுப்பு மீசை, மஞ்சள் கண், ஏறின புருவம், பல்லுக்கிடையில் மடித்த நாக்கு.

முதல் சட்டி காய்ந்ததும் அம்மாவிடம் காட்டினேன். கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இது யாரு சாமி?"

"பூதம்மா."

அம்மா சட்டியை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கோழி வந்து முறத்தில் வாய் வைத்தது, விரட்டவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்.

"நாக்க இன்னங் கொஞ்சம் செவப்பாப் போடு."

அப்புறம் அவளே, "இருக்கற சட்டிலெல்லாம் எழுது. சந்தைக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

எழுதிக் காயவைத்திருந்தபோது அப்பா பார்த்துவிட்டார். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் ஒரு சட்டியை எடுத்தார், பார்த்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட கெரகமே, அண்ணனை அப்படியே புடிச்சுட்டயே அம்மிணி."

அவர் சொன்ன அண்ணன் என் பெரியப்பா. அண்ணனும் தம்பியும் உரித்து வைத்த மாதிரி இருப்பார்கள். மீசையும் ஒன்று, நெற்றியும் ஒன்று. பெரியப்பாவுக்கு ஊரே நடுங்கும். தொண்டை அப்படி. ஆடு பயிரில் வாய் வைத்தால் ஆட்டுக்காரனின் ஏழு தலைமுறையை இழுப்பார், பஸ் நேரத்துக்கு வராவிட்டால் டிரைவரைத் திட்டுவார், மழையைக்கூடத் திட்டுவார். ஆனால் கத்தி முடித்ததும் மடியிலிருந்து பொட்டுக்கடலை எடுத்துத் தருவார். பொதுக் கிணற்றில் தம்பியின் முறைத் தண்ணீரை அண்ணன் அமுக்குகிறார், பாவம் தம்பி வாயில்லாப் பூச்சி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை அப்பா மறுத்ததே இல்லை.

அப்பா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்து அண்ணன் என்று சிரித்தது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இந்த வயதில் விளங்குகிறது. கோபம் ஏறும்போது கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கிறவர் யார்? அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நானும் அம்மாவும் மட்டும்தான்.

செவ்வாய்ச் சந்தை. பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து பூ வந்திருந்தது, மேட்டூர்க் கருவாடு வந்திருந்தது. இரண்டு வாசனையும் ஒரே காற்றில் வந்தால் எப்படி இருக்கும், நினைத்துப்பாருங்கள். சட்டிக்கார அம்மா தன் வரிசையின் கடைசியில் எங்களுக்குச் சாக்கு விரிக்க இடம் விட்டார். சட்டிகளைக் கவிழ்த்து வைத்தோம். எல்லாம் ஒரே முகம், எல்லாம் ஒரே நாக்கு. நெடுநேரம் யாரும் நிற்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் பார்த்துவிட்டு, "இதைக் காட்டுல வெச்சா மாடு பால் கறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

டீக்கடைக்காரர்தான் முதல் கிராக்கி. வெற்றிலை வாங்கப் போனவர் திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏனுங்க, இது நம்ம மோட்டார்க்காட்டுப் பெரியவரு மொகந்தானுங்க?"

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் கயிறு விற்றவர் எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார். ஆட்டுக்காரர் வந்தார். பெரியப்பாவிடம் திட்டு வாங்காதவர்கள் ஊரில் யார்? ஆளாளுக்கு ஒரு சட்டி. "எங்காட்டு முக்குல நட்டு வெச்சு, போகும்போது வரும்போது ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவேன்" என்றார் ஒருவர். பேரம்கூட யாரும் பேசவில்லை. வெயில் ஏறும்முன் சாக்கு காலியாகிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் பெரியப்பாவை நினைத்துச் சிரித்ததெல்லாம் என் காதில் ஏறவில்லை. என் கை எழுதியதை முண்டியடித்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சட்டிக்கார அம்மா என் கன்னத்தை வழித்து, "அம்மிணி கையில சூட்சுமம் இருக்குது" என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன்.

அம்மா குதிக்கவில்லை. அன்றைக்கு அவள் சட்டிகளைப் பார்க்கவே இல்லை, வாங்குகிறவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் சட்டியைத் தூக்கும்போதும் அவள் கழுத்து லேசாக நீளும். அவர் சிரித்ததும் தணியும். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த நாக்கைப் பார்த்துவிட்டுத் தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று காத்திருந்திருக்கிறாள். வாயால் சொல்ல முடியாததை என் கையில் கொடுத்து விற்கச் சொல்லியிருக்கிறாள். ஊர் வாங்கிக்கொண்டு போனது வேறு ஆளின் முகத்தை.

நாலு காட்டில் தன் முகம் நட்டிருப்பதைப் பெரியப்பா பார்க்க எத்தனை நேரமாகும்? மறுநாளே எங்கள் வாசலில் வந்து நின்றார். சைக்கிளைச் சாய்க்கக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டார்.

"ஏண்டா, என்ற மொகத்தச் சட்டில எழுதிச் சந்தைல விக்கற அளவுக்கு வந்துட்டயா? உங்கூட்டு வெங்காயத்துக்கு இனி அந்தச் சட்டியே தண்ணி எறைக்கட்டும்."

கிணறு பொது. கரண்டு பெரியப்பா பேரில். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார். எங்கள் காட்டில் அந்த வருசம் சின்ன வெங்காயம் ஒன்றுதான் போட்டிருந்தோம். காய் பெருக்கிற சமயம். அந்த நேரத்தில் முறைத் தண்ணீர் தவறினால் வெங்காயம் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடும். அது போனால் வருசமே போனது.

அப்பா கதவைச் சாத்தினார். "சந்தைக்குக் கூட்டிட்டுப் போனவ நீதான?" என்று மட்டும் கேட்டார், மெதுவாக. நான் ஆட்டுப்பட்டியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தினாலும் கேட்கும். பட்டிப் படல் சந்து வழியாகப் பார்த்தால் வீட்டுச் சன்னலில் அவர் முகம் தெரிந்தது. நான் எழுதினதில் ஒரு பிசகும் இல்லை.

அப்புறம் அப்பா வெளியில் வந்து டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்கண்ணனுக்கு என்மேல என்ன கோவமோ, தெரியிலீங்க" என்றாராம். ஊரே உச்சுக் கொட்டியதாம். வெங்காயத் தாள் நுனி மஞ்சள் பாரிக்க ஆரம்பித்தது. அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து பாத்தியில் ஊற்றினாள். குடம் தண்ணீர் ஒரு காட்டுக்கு எந்த மூலைக்கு? ஒரு தோளைத் தூக்க முடியாமல் மறுபக்கத்து இடுப்பில் சுமந்தாள். பார்த்தவர்கள், இந்தப் பெரியவருக்கு ஈரமே இல்லையா என்று கேட்டார்கள். நல்லவர்கள்தான் எல்லோரும். ஆனால் அந்தத் தோள் ஏன் தூக்க முடியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், பொழுது சாய மோட்டார் ரூம் வேப்பமரத்தடியில் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு சட்டியைப் பிடுங்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். போகும் வழியில் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார், "தெரியாமப் பண்ணிட்டனுங்கன்னு சொல்லி, பெரியப்பங் காலுல உழுந்துரு. வேற ஒண்ணும் பேசாத." அம்மா பின்னால் வந்தாள். மோட்டார் ரூம் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

பெரியப்பா கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் உயரத்துக்குக் குந்தினார். கண் கலங்கியிருந்தது. அத்தனை பெரிய மனுசனுக்குக் கண் கலங்கும் என்று எனக்குத் தெரியாது.

"யாரும் சொல்லிக் குடுத்தாங்களா சாமி? இல்ல, நெசமாவே என்ற மொகம் உனக்கு இத்தாம்பெரிய கொடூரமாவா தெரியுது?"

எனக்குத் தாங்கவில்லை. பொட்டுக்கடலை கொடுக்கிற கை அது. அவரைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை.

"உங்க மொகம் இல்லீங்க பெரீப்பா."

"அப்பறம்?"

"பயமா இருக்கோணும்னு எங்கப்பா மொகத்த எழுதினனுங்க."

சொல்லிவிட்டேன். இனி அடுத்த கேள்வி வரும் என்று நின்றேன். ஏன் சாமி, அப்பனைக் கண்டால் என்ன பயம் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்; ரசம், கதவு, மாட்டுக் கொட்டகை, எல்லாம். சுவரோரம் அம்மாவைப் பார்த்தேன். அவள் கழுத்து சந்தையில் நீண்ட மாதிரி நீண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் டீக்கடைக்காரர். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"அட, இத்தினி நாளா தம்பி மொகத்த வெச்சுக்கிட்டா அண்ணன் சண்டை போட்டீங்க?"

"வாயில்லாப் பூச்சியப் போயி பூதம்ங்குது பாரு புள்ள."

பெரியவர்களில் மூத்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார், "பொட்டப்புள்ளைக்கு அப்பங்கிட்டப் பயம் இருக்கோணுமப்பா. நல்ல வளர்ப்புத்தான்."

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். மனசு விட்டுப்போன மனுசனுக்கு மனசு திரும்ப வந்துவிட்டது. என்னைத் தூக்கி இறக்கினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அங்கேயே மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் சந்தோசம். நியாயம் கிடைத்துவிட்டது அல்லவா.

அப்பாவும் சிரித்தார். மற்ற எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நடுவில் இருந்த சட்டியைக் கையில் எடுத்தார். முன்பு பார்த்த மாதிரி மேலோட்டமாகப் பார்க்கவில்லை. புருவத்தைப் பார்த்தார். அப்புறம் வாயைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, கண்ணில் மட்டும் போய்விட்டது. கோபத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். சட்டியை உடைப்பார் என்று நினைத்தேன். மெதுவாகக் கீழே வைத்தார். அந்த மெதுவு எனக்குத் தெரியும். அவர் கை என் தலைக்கு வந்து, செல்லம் கொஞ்சுகிற மாதிரி அங்கேயே இருந்தது.

அப்பா மேல் எனக்கு இருந்த கோபம் அவரோடு எரிந்து போய்விட்டது. அந்த வேப்பமரத்தடிக் கோபம் போகவில்லை. கெட்டவர்கள் என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். சண்டை தண்ணீருக்கும் மரியாதைக்கும் என்று உட்கார்ந்தார்கள், இரண்டும் தீர்ந்தது, எழுந்து போனார்கள். ஒரு பிள்ளை வாய்திறந்து சொன்னது அவர்கள் கணக்கில் வரவே இல்லை. எண்ணெய் முழுக்காட்டின தலை மாதிரி எல்லோருக்கும் குளிர்ந்துபோயிருந்தது, எங்கள் இரண்டு பேரைத் தவிர.

வாய்க்காலை ஒட்டித்தான் வீட்டுக்கு வழி. அப்பா முன்னால் போனார், திரும்பியே பார்க்கவில்லை. தண்ணீர் எங்களோடு கூடவே வெங்காயக் காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா வீட்டுக்குப் பிரிகிற இடத்தில் அம்மா நின்றாள்.

"நீ பெரீம்மா ஊட்டுக்குப் போ சாமி. சித்தெ நேரம் அங்க இரு. நான் வந்து கூட்டிக்கறேன்."

"நீயும் வாம்மா."

"தண்ணி வந்துருச்சல்ல, பாத்தி கட்டோணும்."

மண்வெட்டி அவள் கையில் இல்லை. நான் அவள் முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டேன். அவள் என் விரலை ஒவ்வொன்றாக விடுவிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்புறம் அவளும் விட்டுவிட்டு, என் தலையில் கைவைத்து நடந்தாள்.

அப்பா வாசலில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். எதிர்க்காட்டில் ஆட்டுக்காரர் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர், "தண்ணி வந்துருச்சுங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். "வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, ஊராரிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில், "உள்ள போங்க சாமி" என்றார். எங்கள் இரண்டு பேரையும் முன்னால் போகவிட்டு, கடைசியாக உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.